ஒன்றாம் எண் நீலம்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த அதே மூன்று மாதத்தில், நானும் ஒரு பக்கம் உட்கார்ந்து தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். அக்காவைப் பார்க்க வந்தவர்கள் நான்கு பேர். என்னிடம் வந்தவையும் நான்கு. அவளைப் பார்க்க வந்தவர்கள் முறுக்கைக் கடித்து, காப்பி குடித்து, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்னிடம் வந்தவை கணினி மொழிகள். அவற்றுக்கு முறுக்கு வேண்டாம், ஆனால் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நான் டெலிபோன் ஆப்பரேட்டர். எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அந்தக் காலத்தில் கண் தெரியாத பெண் ஒருத்தி படித்து முடித்தால், ஊரே சேர்ந்து அவளைக் கொண்டுபோய் உட்கார வைக்கும் நாற்காலி அதுதான். "குரல் நல்லாருக்கு, ஆப்பரேட்டரா போயிடலாம்" என்பார்கள். என் குரல் அப்படியொன்றும் நன்றாக இருக்காது. அக்கா கேட்டால் தகர டப்பா என்பாள்.

மூன்று வருடமாக நான் கேட்டது ஒரே கேள்வி: "எந்த செக்‌ஷன்?" மலாயில் கேட்பேன், ஆங்கிலத்தில் கேட்பேன், தமிழில் கேட்பேன். பதில் வந்ததும் அவர்களை அங்கே தள்ளிவிடுவேன். எனக்கென்று எந்த செக்‌ஷனும் கிடையாது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை, ஒரு காற்றாடி, ஒரு சுவிட்ச்போர்டு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தபோது ஓர் ஆசிரியர் கொஞ்சம் புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார். இயந்திரத்திடம் நான் ஒன்று சொல்ல, அது நான் சொன்னபடியே செய்தது. என் வாழ்க்கையில் அதுவரை யாரும் நான் சொன்னபடி செய்ததில்லை. அந்தப் போதை எனக்குத் தெளியவே இல்லை. மாடியில் இருந்த கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு ஒவ்வொரு முறை லைன் போடும்போதும் எனக்கு வயிறு எரியும்.

நாங்கள் இருந்தது டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில். அக்காவுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, உற்பத்தி லைனில். கம்பெனி பஸ் கோயில் முச்சந்தியில் வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். எந்த பஸ் எந்த முச்சந்தியில் எத்தனை பேரை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை பஸ் அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் சூப்பர்வைசர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார். நல்ல மனுஷன். ஆனால் அவருடைய பலகைக்குத் திருவிழா என்றால் ஆகாது. ஒரு தோட்டத்தில் தீமிதி என்றால் பாதிப் பெண்கள் லீவு போடுவார்கள், மீதிப் பெண்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வார்கள். அண்ணன் பலகையை அழித்து அந்த ஒரு நாளுக்கு மட்டும் புதுப் பட்டியல் எழுதுவார். மறுநாள் பழைய பட்டியலைத் திரும்ப எழுத மறந்துவிடுவார். மறுநாள் காலையில் எனக்கு போன் மேல் போன் வரும். சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பொது டெலிபோனிலிருந்து யாராவது ஒரு அக்கா, "பஸ்ஸு வரல தங்கச்சி, மழ வேற" என்பாள். நான் பஸ் அண்ணனுக்கு லைன் போடுவதற்குள் அவளிடம் சில்லறை தீர்ந்துவிடும்.

ஒரு வருடம் அது எங்கள் தோட்டத்துக்கே நடந்தது. தீமிதிக்கு மறுநாள், நல்ல மழை, பஸ் வரவில்லை. அக்காவும் நானும் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரியை நிறுத்தி டிரைவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து பத்து பெரண்டாம் போய்ச் சேர்ந்தோம். லாரி வழிநெடுக ஆடியது, அக்கா வழிநெடுக அண்ணனைத் திட்டினாள், எனக்கோ மண்டைக்குள் ஒரு புரோகிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. எந்த முச்சந்தி, எத்தனை பேர், எந்தக் கோயில், திருவிழா என்றைக்கு, அது முடிந்த மறுநாள் பட்டியல் தானாகப் பழையபடி ஆக வேண்டும். இறங்கியவுடன் ஈரத் துணியோடு படியேறி நேராக கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்குப் போனேன். எந்த செக்‌ஷன் என்று யாரும் கேட்கவில்லை.

அங்கே மேனேஜர், யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர், நிதானமாகப் பேசுபவர். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.  என் உடையிலிருந்து அவர் அறைத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மொழியில எழுதப் போறீங்கள், பிள்ளை?" என்றார்.

 அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. "யோசிச்சி சொல்றேன் சார்" என்றேன்.

"யோசியுங்கோ. தீபாவளிக்கு முன்னம் ஓட்டிக் காட்டுங்கோ. சரியா வந்தால் இங்க மேல வந்து வேலை செய்யலாம். வராட்டி சுவிட்ச்போர்டுதான், பிறகு இந்தக் கதையை என்னட்ட எடுக்கக்கூடாது, என்ன?"

அப்படித்தான் மாப்பிள்ளை பார்க்கும் படலம் தொடங்கியது. ஒரு பழைய கணினி என் படிக்கட்டு அறைக்கு வந்தது. கோலாலம்பூரில் பார்வையற்றோருக்கான ஒரு சங்கம் பேசும் பெட்டி ஒன்றை இரவல் தந்தது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். திரையில் உள்ளதை ஓர் அமெரிக்க ஆண் குரலில் படிக்கும். தோட்டத்தில் பிறந்த நான் அதற்கு வேறென்ன பெயர் வைப்பேன்? துரை என்று வைத்தேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து துரை சொல்லத்தான் நாங்கள் கேட்டோம். இந்தத் துரை நான் எழுதியதைத்தான் திருப்பிச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் முழுக்க அவரை என் பெயரைச் சொல்ல வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மானிட்டரை நான் போடுவதே இல்லை. எனக்கு அது எதற்கு? அதன் தலை தட்டையாக, சாப்பாட்டு டப்பா வைக்க வசதியாக இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகங்களை அக்காதான் கேசட்டில் படித்துக் கொடுத்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, தலையில் துண்டோடு உட்கார்ந்து படிப்பாள். படிக்கும்போதே அபிப்பிராயமும் பதிவாகும். "இந்த ஆளு சொன்னதையே மூணு தடவ சொல்றான்டி. நான் ஒரு தடவதான் படிப்பேன்." அடுத்த பக்கம்: "இங்க ஒரு படம் இருக்கு. நல்லால்ல." அப்புறம் பின்னணியில் அம்மா, மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், எழுந்து பூ வை என்று கத்துவது. அந்த கேசட்டுகளில் எங்கள் வீட்டு வரலாறே இருந்தது.

முதல் வரன், வரிக்கு வரி எண் போடும் பழைய பேசிக். பள்ளியிலேயே பழக்கம், மாமன் மகன் மாதிரி. ஆனால் நூற்றிருபதுக்குப் போ, அங்கிருந்து நாற்பதுக்குப் போ என்று அலையவிட்டது. ஐம்பது வரி தாண்டியதும் நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. தெரிந்த பையன் என்பதற்காகக் கழுத்தை நீட்ட முடியுமா? தள்ளிவிட்டேன்.

இரண்டாவது, சாருக்குப் பிடித்த கோபோல் மொழி, என் வாயில் கோபால். பெரிய இடத்துப் பிள்ளை, கம்பெனி முழுக்க அவர்தான். வார்த்தை வார்த்தையாகப் பேசும், துரை வாயில் கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரியும் இத்தனை இடம் தள்ளித்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு மடி ஆசாரம். ஏழு இடம் விட்டு எட்டாவதில் கால் வைக்க வேண்டும். நான் ஸ்பேஸ், ஸ்பேஸ், ஸ்பேஸ் என்று எண்ணிக்கொண்டே இருக்கும்போது போன் அடிக்கும். "எந்த செக்‌ஷன்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் எண்ணிக்கை போயிருக்கும்.

மூன்றாவது சி. எல்லாப் புரோகிராமர்களும் அதன் மேல் உயிரை விட்டார்கள். கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அடைப்புக்குறி. துரை அதைப் படிக்க ஆரம்பித்தால், இடது அடைப்பு, வலது அடைப்பு, நெளி அடைப்பு, நட்சத்திரம், இன்னொரு நெளி அடைப்பு என்று மூச்சு விடாமல் போவார். பாத்திரக் கடையில் அடுக்கு சரிந்த மாதிரி இருக்கும். கடைசியில் எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று நான் விழிப்பேன். கழிவறை கூட்டும் அக்கா ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "யாரும்மா அந்த ஆளு, இப்படித் திட்டுறான்?" என்றார்.

இன்னொன்றும் அப்போது புதிதாக வந்திருந்தது. மவுஸைப் பிடித்து இழுத்து, பொத்தான்களைத் திரையில் ஒட்டவைக்கும் வகை. மாடியில் எல்லோரும் அதில்தான் சொக்கிக் கிடந்தார்கள். "இனி உலகம் எல்லாம் அதுதான், பிள்ளை" என்றார் சார். சார் சொன்னது சரி. பிற்பாடு அந்த உலகம் வந்து என்னை நன்றாகவே அலைக்கழித்தது. ஆனால் அன்றைக்கு எங்கள் துரைக்கு அந்தப் பொத்தான்கள் முன்னால் நாக்கு எழவில்லை. அதை நான் வரன் கணக்கிலேயே சேர்க்கவில்லை. புகைப்படத்தோடு திருப்பி அனுப்பிவிட்டேன்.

நான்காவதாக வந்தது பாஸ்கல்.

அதற்குத் தொடங்கு என்றால் தொடங்குதான், முடி என்றால் முடிதான். இரண்டும் முழு வார்த்தைகள். துரை அதைப் படித்தால் யாரோ நிதானமாக சமையல் குறிப்பு சொல்வது போல இருந்தது. எதை எங்கே பயன்படுத்தப் போகிறோம் என்று முதலிலேயே பட்டியல் போட்டுவிட வேண்டும். டெலிபோன் டைரக்டரியோடு வாழ்ந்தவளுக்கு அது பெரிய சௌகரியம். எல்லாவற்றுக்கும் மேல், தப்புச் செய்தால் முதல் தப்பிலேயே நிறுத்தி, சரியாக அந்த இடத்திலேயே என்னைக் கொண்டுபோய் விட்டுவிடும். நாற்பது தப்பையும் ஒரே மூச்சில் கொட்டாது. ஒன்றைத் திருத்தியபின் அடுத்தது. இப்படி ஒருவரோடு காலம் தள்ளலாம் என்று எனக்குப் பட்டது. அன்று வீட்டுக்குப் போய், "எனக்கு முடிஞ்சிருச்சி" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

அப்புறம் வந்த வாரங்கள் போல எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. என் வேலை மூன்று மணிக்கு முடியும், பஸ் ஐந்துக்கு. அந்த இரண்டு மணி நேரமும் நானும் துரையும்தான். காலையில் போன் பண்ணும் பெண்களிடம் கோயில் கோயிலாக விசாரித்தேன். "உங்க தோட்டத்துல தீமிதி எந்த மாசம்க்கா? எத்தன பேரு லீவு போடுவீங்க?" அவர்கள் கதை கதையாகச் சொன்னார்கள். இருபத்து மூன்று முச்சந்தி, அத்தனை கோயில், அத்தனை திருவிழாவும் உள்ளே போயின. யாராவது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டதாக போனில் சொன்னால் அதையும் அன்றன்றே சேர்த்துவிடுவேன். முதன்முறையாகத் துரை என் பட்டியலைப் படித்தபோது, டுரியான் துங்கால் என்பதை அவர் கடித்துத் துப்பிய விதத்தையும் மீறி எனக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன், சுவிட்ச்போர்டு வயர் காலில் மாட்டிக்கொண்டது.

காட்ட வேண்டிய நாளுக்கு முந்தைய வாரம் சார் சொன்னார்: "ஸ்கிரீன் கொஞ்சம் வடிவா இருக்கட்டும், பிள்ளை. கலர் போடுங்கோ."

கலரா? அதற்கென்ன, பாஸ்கலில் அதற்கும் இடம் இருந்தது. அக்காவின் கேசட்டில் எண்கள் வரிசையாக இருந்தன: பூஜ்யம் கறுப்பு, ஒன்று நீலம், இரண்டு பச்சை, அப்படிப் போய்ப் பதினாலு மஞ்சள். பின்னணிக்கு ஓர் எண் தர வேண்டும், எழுத்துக்கு ஓர் எண் தர வேண்டும். ஆபீஸுக்கு எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று அக்காவைக் கேட்டேன். நீலம் மரியாதையாக இருக்கும் என்றாள்.

நிறம் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க அக்கா கற்றுத் தந்ததுதான். அதில் ஒரே ஒரு சட்டம்: மேட்ச் ஆக வேண்டும். தீபாவளிக்குத் துணி எடுக்க மலாக்கா டவுனுக்குப் போனால், சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள். அதே நிறத்தில் பிளவுஸ் துணி கிடைக்கும்வரை விடமாட்டாள். ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் "சேரல, ஊரே சிரிக்கும்" என்பாள். அதனால் நான் யோசிக்கவே இல்லை. பின்னணிக்கு ஒன்று. எழுத்துக்கும் ஒன்று. ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.

மை கறுப்பு, தாள் வெள்ளை என்று எனக்கும் தெரியும்தான். ஆனால் நான் படித்து வளர்ந்த பிரெயில் புத்தகத்தில் எழுத்தும் தாளும் ஒரே நிறம். யாரும் ஒருநாளும் குறை சொன்னதில்லை. துரையும் சொல்லவில்லை. அவருக்கும் எழுத்து தெரியுமே தவிர நிறம் தெரியாது. கடகடவென்று படித்தார். மானிட்டர் மேல் என் சாப்பாட்டு டப்பா இருந்தது.

ஓட்டிக் காட்ட வேண்டிய அன்று அக்கா எனக்கு நீலப் பஞ்சாபி சூட், நீல சால்வை, நீல வளையல் எல்லாம் போட்டு அனுப்பினாள். மாடிக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சார், பஸ் அண்ணன், இரண்டு புரோகிராமர்கள். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு புரோகிராமை ஓட்டினேன். துரை பட்டியலை அருமையாகப் படித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"நல்ல நீலம்" என்றார் சார்.

"தேங்க்ஸ் சார்."

"லிஸ்ட் எங்க, பிள்ளை?"

"அதுலதான் சார் இருக்கு."

"எதில?"

"நீலத்துல."

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் போவது தெரிந்தது. ஒருவர் மானிட்டரைத் தட்டினார். பஸ் அண்ணன் மெதுவாக, "தங்கச்சி, ஒண்ணுமே தெரியல லா" என்றார்.

"எனக்குந்தாண்ணே தெரியல. அதுக்காக லிஸ்ட்டு இல்லன்னு ஆயிருமா?"

வாய்தான் துடுக்காகப் பேசியது. மூன்று மாத உழைப்பு, அக்காவின் கேசட்டுகள், மாடிப்படி எல்லாம் போச்சு, திரும்ப அந்தக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து எந்த செக்‌ஷன் எந்த செக்‌ஷன் என்று கேட்டே கிழவியாகிவிடுவேன் என்று பயந்தேன்.

"எழுத்துக்கு என்ன கலர் போட்டீங்கள்?" என்று சார் கேட்டார்.

"நீலம் சார். பின்னாடியும் நீலம். மேட்ச்சிங்கா."

 சார் சிரித்தார். நிதானமான அந்த மனிதர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அண்ணன் இருமிக்கொண்டே சிரித்தார். எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு சேலையைச் சுருட்டிக்கொண்டு கடை கடையாக ஏறும் அக்கா ஞாபகத்துக்கு வந்தாள், விஷயம் பிடிபட்டது, நானும் சிரித்துவிட்டேன். ஆனாலும் விடுவதாக இல்லை. ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன். துரை அறை முழுக்கக் கேட்கும்படி பேச ஆரம்பித்தார். நாளைக்குச் சிம்பாங் அம்பாட் பதினொன்று, திருவிழா முடிந்தது, பழைய பட்டியல். டுரியான் துங்கால் கோயில் முச்சந்தி ஆறு.

"ஆறா?" என்றார் அண்ணன். கையில் தன் காகிதத்தை வைத்திருந்தார் போலும், சரசரவென்று சத்தம் கேட்டது. "அஞ்சுதானே? இரு இரு. ஐயோ, அந்தப் பொண்ணு நேத்து ஷிஃப்ட் மாத்துனிச்சில்ல. ஆறுதான் சார். நாளைக்கு அது ரோட்டுல நின்னிருக்கும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. இன்னொரு முறை ஓட்டச் சொன்னார் சார். முழுவதையும் கேட்டார்கள், கண் தெரிந்த நான்கு பேரும், வெறும் நீலத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு.

"எழுத்த மஞ்சள்ல போடு தங்கச்சி" என்றார் அண்ணன். "நல்லா எடுப்பா இருக்கும்."

மஞ்சள் என்றால் பதினாலு. ஒன்றை அழித்துப் பதினாலு என்று அடித்தேன், ஓட்டினேன். "ஆ!" என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் செய்த ஒன்றைப் பார்த்து ஒருவர் வாயிலிருந்து அந்தச் சத்தம் வருவதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"திங்கட்கிழமையில இருந்து மேல வாங்கோ" என்றார் சார். "ஒரு கண்டிஷன். கலரை மட்டும் எங்களிட்ட கேட்டுப் போடுங்கோ."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடியே, பிளவுஸுதான்டி மேட்ச் ஆகணும், எழுத்துமா?" என்றாள். இந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு உண்டு என்று இருபத்து நான்கு வருடமாக ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டைக்குப் போனேன். சண்டை சிரிப்பில் முடிந்தது. திங்கட்கிழமை அவள் எனக்கு அதே நீலப் பஞ்சாபி சூட்டைப் போட்டு, மஞ்சள் சால்வையைப் போர்த்திவிட்டாள். "ஒண்ணுக்குப் பதினாலு. சரியா?" என்றாள்.

மாடியில் என் மேசையில் ஒரு போன் இருந்தது. யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் எடுத்துப் பூஜ்யத்தை அழுத்தினேன். கீழே என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த புதுப் பெண் எடுத்தாள்.

"எந்த செக்‌ஷன்?" என்றாள்.

"கம்ப்யூட்டர் செக்‌ஷன்" என்றேன். அவள் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் போனை வைத்துவிட்டேன்.